சர்வரைத் தூங்க வைத்து எழுப்பிப் பார்ப்பது எப்படி

மடிக்கணினியில் மூடியைச் சாத்தினால் தூங்கும், திறந்தால் எழும். சர்வரிலும் ஓடுவது அதே லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் அது ஒருநாள் தூங்க வேண்டியிருக்கும் என்ற நினைப்போடு செய்யப்பட்ட சர்வர்கள் குறைவு. எஸ்3 எனப்படும் நிலையில் பிராசசர், டிஸ்க், விசிறி எல்லாம் அணைந்துவிடும். ரேம் மட்டும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு உயிரோடு கிடக்கும். அந்த ரேமுக்கு வேண்டிய மின்சாரம் பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை வழியில்தான் வந்தாக வேண்டும். மேசைக் கணினியில் 2 அல்லது 4 ரேம் குச்சிகள். இரண்டு சாக்கெட் (இரண்டு பிராசசர்) சர்வரில் அது 16, 24, 32 என்று போகும். சர்வர் பவர் சப்ளையின் 12 வோல்ட் ஸ்டாண்ட்பை தருவது சில ஆம்பியர். அதிலும் சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் பிஎம்சி சிப்புக்கும் நெட்வொர்க் போர்ட்டுக்கும் ஏற்கெனவே பங்கு போய்விடுகிறது. ஆகவே பல போர்டுகளில் எஸ்3 வடிவமைப்பிலேயே கிடையாது. ஒற்றை சாக்கெட் டவர் சர்வர்களிலும் வொர்க்ஸ்டேஷன் வகைப் போர்டுகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரவில் சும்மா ஓடும் பில்ட் மெஷின், நாளுக்கு ஒருமுறை மட்டும் வேலை செய்யும் பேக்கப் சர்வர், ரெண்டர் செய்யும் வரிசை ஆகியவற்றில் மின்செலவைக் குறைக்கத்தான் பெரும்பாலும் இந்தச் சோதனை தேவைப்படுகிறது. இதில் சர்வர் எழுந்ததா என்பது பாதிக் கேள்விதான். எழுந்தபோது தூங்கப்போன அதே மெஷினாக எழுந்ததா என்பதுதான் கடினமான மீதி.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் வழக்கம்போல், பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். எல்லாம் ரூட் உரிமையில்.

கை வைக்கும் முன்

சர்வர் பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். தூங்கும் சர்வர் பதில் சொல்லாது. பேஸ்மேக்கர் போன்ற கிளஸ்டர் மென்பொருள் அதைச் செத்த நோடு என்று முடிவுகட்டி, பிஎம்சி வழியாகவே மின்சாரத்தை வெட்டிவிடும். அப்புறம் "ரெஸ்யூம் ஆகவில்லை, எழவில்லை" என்று அரைநாள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது வாட்ச்டாக். பிஎம்சிக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்துக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் குறித்த இடைவெளியில் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டவில்லை என்றால் சர்வரை ரீசெட் செய்யும். தூங்கும் சர்வர் எப்படித் தட்டும்? பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் கருவியில் 'ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் கெட்' என்று கேட்டால் டைமர் ஓடுகிறதா, எத்தனை விநாடி, முடிந்தால் என்ன செய்யும் என்று காட்டும். ஓடினால் 'ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் ஆஃப்'. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் உள்ளமைவில் ரன்டைம் வாட்ச்டாக் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் அணைத்த டைமரை மறுபடி ஓட்டிவிடும். தூங்கிய சர்வர் ஒவ்வொரு முறையும் ஒரே விநாடிக் கணக்கில் ரீபூட் ஆகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், வாட்ச்டாக்தான். 'ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்' காட்டும் நிகழ்வுப் பதிவில் வாட்ச்டாக், ஹார்டு ரீசெட் என்ற வரி கிடைக்கும்.

மூன்றாவது, கன்சோல். தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது. சர்வரோடு சேர்ந்து நெட்வொர்க் கார்டும் தூங்கிவிடும். கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோலும் அதே காரணத்தால் கைகொடுக்காது. கெர்னல் வரியில் கன்சோலாக டிடிஒய்எஸ்0 அல்லது டிடிஒய்எஸ்1 போர்ட்டை (இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து) 115200 வேகத்தில் கொடுத்து, வேறொரு மெஷினிலிருந்து 'ஐபிஎம்ஐடூல் சோல் ஆக்டிவேட்' மூலம் சீரியல் வெளியீட்டைப் பாருங்கள். எந்த போர்ட் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். கூடவே 'நோ_கன்சோல்_சஸ்பெண்ட்', 'இக்னோர்_லாக்லெவல்' என்ற இரண்டையும் சேருங்கள். முதலாவது இல்லாவிட்டால் தூங்கப்போகும் முக்கியமான கட்டத்தில் கெர்னல் கன்சோலையே மூடிவிடும், தொங்கிய இடம் கண்ணில் படாது. இந்த வெளியீட்டை ஒரு கோப்பில் பதிவாகும்படி விட்டுவிடுங்கள். மெஷின் தொங்கிப்போனால் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

விர்ச்சுவல் மெஷின்கள் ஓடினால், அதிலும் பிசிஐ கார்டை நேரடியாகக் கொடுத்திருந்தால், நிறுத்திவிடுங்கள். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள். காரணம் கீழே வரும்.

எஸ்3 உண்மையில் இருக்கிறதா

/சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பைக் கேட் செய்தால் ஃப்ரீஸ், மெம், டிஸ்க் என்று வரும். 'மெம்' என்று பார்த்ததும் எஸ்3 இருக்கிறது என்று மகிழ்ந்துவிடுவது பலர் செய்யும் தவறு. இப்போதைய கெர்னல்களில் எஸ்3 இல்லாத போர்டிலும் அந்தச் சொல் வரும். 'மெம்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்திலுள்ள /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பு. அதில் 'டீப்' என்ற சொல் இருந்தால்தான் எஸ்3. 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால் பிராசசரைச் சும்மா உட்காரவைப்பதோடு சரி. பவர் சப்ளையின் முதன்மை வழி, ரேம் எல்லாம் அப்படியே ஓடும், விசிறியும் பெரும்பாலும் நிற்காது. மடிக்கணினிப் பிராசசர்களில் எஸ்2ஐடில் நன்றாக மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் அவற்றின் உள்ளேயே அதற்கான ஆழ்ந்த நிலைகள் உண்டு. சர்வர் பிராசசரில் அந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டும் இருந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதே நடப்பில் உள்ளது. மாற்ற வேண்டுமானால் 'டீப்' என்று அந்தக் கோப்பில் எக்கோ செய்தால் போதும்.

பூட் லாக்கிலும் ஒரு சாட்சி உண்டு. கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மின்நிலைகளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் முறை), சப்போர்ட்ஸ் என்ற சொற்களைக் கிரெப் செய்தால் போர்டின் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், அறிவித்த நிலைகள் ஒரே வரியில் வரும். எஸ்0 எஸ்3 எஸ்4 எஸ்5 என்று வந்தால் நல்லது. எஸ்0 எஸ்5 மட்டும் என்றால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். ஏசிபிஐ அல்லது பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'சஸ்பெண்ட் டு ரேம்', 'ஏசிபிஐ ஸ்லீப் ஸ்டேட்' போன்ற பெயரில் ஒரு அமைப்பு அணைந்திருக்கலாம். சர்வர் பயாஸ்களில் அது அணைந்தே வருவது சகஜம்.

பயாஸில் அப்படியொரு வரியே இல்லையா? ஏசிபிஐடம்ப் மூலம் அட்டவணைகளை எடுத்து, முதன்மை அட்டவணையான டிஎஸ்டிடி கோப்பை 'ஐஏஎஸ்எல் -டி' கொண்டு பிரித்து, அடிக்கோட்டோடு தொடங்கும் எஸ்3 என்ற பெயரைத் தேடுங்கள். அது எங்குமே இல்லை என்றால் அந்த போர்டில் எஸ்3 இல்லை. கெர்னலை மாற்றியோ பூட் வரியில் எதையாவது சேர்த்தோ அதை வரவழைக்க முடியாது. அட்டவணையைத் திருத்திப் பெயரை நாமே சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். தூங்கும் நேரத்தில் ரேமுக்கு மின்சாரம் தரும் சுற்று போர்டில் இல்லாமல், பெயரை மட்டும் சேர்த்து எதுவும் ஆகாது. தூங்கும், ஆனால் எழாது.

விண்டோஸ் சர்வர் ஓடும் மெஷினில் 'பவர்சிஎஃப்ஜி /ஏ' இதே பதிலைத் தரும். எந்த நிலை ஏன் கிடைக்கவில்லை என்று காரணத்தையும் சொல்லும்.

எழுப்பும் அலாரம் முதலில்

தூங்க வைக்கும் முன் எழுப்பும் வழியைச் சோதித்துவிட வேண்டும். எளிய வழி போர்டிலுள்ள கடிகாரத்தின் அலாரம். யுடில்-லினக்ஸ் தொகுப்பிலேயே ஆர்டிசிவேக் வருகிறது. 'ஆர்டிசிவேக் -எம் ஆஃப் -எஸ் 180' என்று கொடுத்தால் சர்வர் முழுதாக அணைந்து, 180 விநாடியில் தானே எழ வேண்டும். எழவில்லை என்றால் பயாஸில் ஆர்டிசி வேக் அணைந்திருக்கிறது, அல்லது டீப் ஸ்லீப், இஆர்பி போன்ற மின்சேமிப்பு அமைப்பு ஸ்டாண்ட்பை வழியையே வெட்டுகிறது. இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். எஸ்3 சோதனையில் சர்வர் எழாதபோது, குற்றவாளி அலாரமா ரெஸ்யூமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

ஏணியில் ஏறுவது போல

நேராக எஸ்3க்குத் தாவாமல் இருக்க கெர்னலே ஒரு ஏணி வைத்திருக்கிறது. /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்று ஐந்து படிகள். ஒரு படியின் பெயரை அதில் எக்கோ செய்துவிட்டு, ஸ்டேட் கோப்பில் 'மெம்' என்று எக்கோ செய்தால், கெர்னல் அந்தப் படி வரை மட்டும் போய், 5 விநாடி நின்று, திரும்பி வந்துவிடும். மின்சாரம் அணையாது, ஃபர்ம்வேரிடம் கட்டுப்பாடு போகாது. கோப்பே இல்லை என்றால் கெர்னல் பிஎம் டீபக் இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறது, வேறு கெர்னல் போட வேண்டும்.

ஃப்ரீசர் படியில் கெர்னல் எல்லா ப்ராசஸ்களையும் உறைய வைக்கும். 20 விநாடிக்குள் உறையாத ப்ராசஸ் இருந்தால் கைவிட்டு, அதன் பெயரை லாக்கில் எழுதும். பெரும்பாலும் அது பதில் வராத என்எஃப்எஸ் இணைப்பிலோ ஃப்யூஸ் கோப்பு முறையிலோ சிக்கி, யாரும் எழுப்ப முடியாத டி நிலையில் தொங்கும் ப்ராசஸாக இருக்கும். என்எஃப்எஸ்ஸைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான். 20 விநாடி வரம்பைப் பெரிதாக்க வழி உண்டு என்றாலும் பலன் இல்லை. 20 விநாடியில் உறையாதது 60இலும் உறையாது.

டிவைசஸ் படியில்தான் சர்வருக்கே உரிய தொல்லைகள் தொடங்கும். டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர், டிஸ்க்குகளை இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டு, 25 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு, ஜிபியு ஆகியவற்றின் டிரைவர்கள் ஒவ்வொன்றும் தன் கார்டை நிறுத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். மடிக்கணினியில் வரும் கார்டுகளின் டிரைவர்கள் லட்சக்கணக்கான பேர் கையில் தினமும் இதைச் செய்து பழகியவை. ரெய்டு கார்டு டிரைவரில் அந்த வரிகள் எழுதப்பட்டிருக்கும், ஓடியிருக்காது. தோல்வி வந்தால் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் லாஸ்ட்_ஃபெயில்ட்_டெவ், லாஸ்ட்_ஃபெயில்ட்_எர்நோ என்ற கோப்புகளைப் பாருங்கள். எந்தக் கார்டு, என்ன பிழை என்று நேராகச் சொல்லும். மைனஸ் 16 என்றால் கார்டு வேலையாக இருக்கிறது, யாரோ பயன்படுத்துகிறார்கள். மைனஸ் 110 என்றால் காத்திருந்து நேரம் கடந்தது, பெரும்பாலும் கார்டின் ஃபர்ம்வேர் பதில் சொல்லவில்லை. மைனஸ் 5 உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. கார்டை உறுதிசெய்ய, அதன் பிசிஐ முகவரியை அந்த டிரைவரின் அன்பைண்ட் கோப்பில் எழுதிக் கழற்றிவிட்டு மறுபடி அதே படியை ஓட்டுங்கள். தாண்டிவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். ரூட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலரைக் கழற்றிவிடாதீர்கள்.

கார்டுகள் ஒரே நேரத்தில் பல இழைகளில் தூங்கப்போவதால் லாக் குழம்பியிருக்கும். /சிஸ்/பவர்/பிஎம்_அசின்க் கோப்பில் 0 எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மெதுவாகும், ஆனால் லாக்கின் கடைசி வரி உண்மை பேசும். இதனால் ஒரு சிக்கல் தானாகவே மறைந்துபோனால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டுகளுக்கு இடையில் எது முந்துவது என்ற தகராறுதான் அது.

பிளாட்ஃபார்ம் படி ஏசிபிஐ முறைகளைக் கூப்பிட்டுப் பார்க்கும், பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும். அதற்கடுத்த பிராசசர்ஸ் படியில்தான் பெரிய சர்வர்கள் விழும். கெர்னல் முதல் கோரைத் தவிர எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைக்கிறது. அணையும் கோரில் இருக்கும் இன்டரப்ட்டுகள் (கார்டுகள் பிராசசரைக் கூப்பிடும் சமிக்ஞைகள்) மிச்சமிருக்கும் கோர்களுக்கு நகர வேண்டும். எக்ஸ்86இல் ஒரு கோருக்கு 256 வெக்டர், அதாவது இன்டரப்ட்டுகளுக்கான இடங்கள். அதில் முதல் 32 பிராசசரின் சொந்த விதிவிலக்குகளுக்கு, இன்னும் சில கெர்னலுக்கு. ஏறத்தாழ 200தான் கார்டுகளுக்கு மிஞ்சும். 64 கோர் சர்வரில் இரண்டு மூன்று நெட்வொர்க் போர்ட்கள், ஒவ்வொன்றும் கோருக்கு ஒரு வரிசை என்று வைத்திருந்தால், மொத்தமும் கடைசியில் ஒரே கோருக்குள் அடையாது. அப்போது லாக்கில், இன்ன சிபியுவை அணைக்க முடியவில்லை, அதில் இத்தனை வெக்டர் இருக்கின்றன, கிடைப்பது 0 என்ற பொருளில் ஒரு வரி வரும். பார்க்க வன்பொருள் கோளாறு போல இருக்கும், அது வெறும் இடப்பற்றாக்குறை. 'ஈத்டூல் -பெரிய எல்' விருப்பத்தில் ஒவ்வொரு போர்ட்டின் கம்பைண்ட் எண்ணிக்கையை 4 ஆகக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பயன்படுத்தாத போர்ட்களை டவுன் செய்தாலும் உதவும். என்விஎம்இ டிஸ்க்குகளின் இன்டரப்ட்டுகளைக் கெர்னல் வேறுவிதமாக நிர்வகிக்கிறது. கோர் அணையும்போது அவற்றையும் சேர்த்து மூடிவிடும். ஆகவே டிஸ்க் எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கோர் படியும் தாண்டினால் ஏணி முடிந்தது. பிஎம்_டெஸ்ட் கோப்பில் 'நன்' என்று எழுத மறக்காதீர்கள். மறந்தால் உண்மையான தூக்கம் என்று நினைத்து 5 விநாடி நாடகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தூங்கப்போகும் முன் ஒரு படம்

முதல் உண்மையான தூக்கத்துக்கு முன் மெஷினின் நிலையை ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். எழுந்தபின் அதே கட்டளைகளை ஓட்டி, இரண்டையும் டிஃப் செய்து, அதாவது வித்தியாசம் பார்த்து, ஒப்பிட வேண்டும். எதை எடுப்பது?

எல்எஸ்பிசிஐயின் விரிவான வெளியீட்டில் லிங்க் ஸ்டேட்டஸ் வரிகள் மட்டும். இதில்தான் மறைந்திருக்கும் கோளாறு தெரியும். தூங்கும் முன் 16 ஜிடி வேகத்தில் 8 லேனில் ஓடிய கார்டு, எழுந்தபின் 8 ஜிடியிலோ 4 லேனிலோ ஓடும். எந்தப் பிழையும் வராது, எல்லாம் வேலை செய்யும், வேகம் மட்டும் பாதி. ரைசர் கார்டும் நீளமான கேபிளும் உள்ள சர்வர்களில் இதைத் தனியாகக் கவனியுங்கள். சில கார்டுகள் சும்மா இருக்கும்போது மின்சேமிப்புக்காகத் தாமே வேகத்தைக் குறைக்கும், ஜிபியுக்கள் முக்கியமாக. ஆகவே இரண்டு படங்களையும் ஒரே மாதிரியான சுமை ஓடும்போது எடுக்க வேண்டும்.

அடுத்து ரேம். ரேம் பிழைகளை எண்ணி வைக்கும் இடேக் அடைவில் ஒவ்வொரு மெமரி கன்ட்ரோலருக்கும் சிஇ_கவுன்ட், யுஇ_கவுன்ட் உண்டு. முதலாவது திருத்தப்பட்ட பிழை, இரண்டாவது திருத்த முடியாத பிழை. அதோடு, ரேமிலேயே இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பு முறையில் ரேமின் பாதி அளவுக்கு ஒரு தற்செயல் தரவுக் கோப்பை உருவாக்கி, எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புக் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வாப்பை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது ரேமையா டிஸ்க்கையா என்று தெரியாது. 30 விநாடித் தூக்கத்தில் ரேம் தரவு கெடாமல் இருந்துவிடலாம். ஒரு மணி நேரத் தூக்கத்திலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எழுந்தபின் கூட்டல் மாறாமல், சிஇ எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் அதுவும் தோல்வியே. ரேம் பிழையைத் திருத்தும் ஈசிசி இல்லாவிட்டால் கோப்பு கெட்டிருக்கும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மற்றவை சுருக்கமாக: என்பிராக் காட்டும் கோர் எண்ணிக்கை, எல்எஸ்பிஎல்கே, ஐபி லிங்க், லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டு இருந்தால் /ப்ராக்/எம்டிஸ்டாட், நேரம் பார்க்கக் கெர்னல் பயன்படுத்தும் நடப்புக் கிளாக்சோர்ஸ், சென்சார் வெப்பநிலைகள்.

உண்மையான தூக்கம்

/சிஸ்/பவர் அடைவில் பிஎம்_டீபக்_மெசேஜஸ், பிஎம்_பிரின்ட்_டைம்ஸ் இரண்டிலும் 1 எழுதிவிட்டு, 'சின்க்' கொடுத்து, 'ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 60' ஓட்டுங்கள். விசிறிகள் நிற்க வேண்டும். விசிறி சுழன்றுகொண்டே இருந்தால் மெம்_ஸ்லீப்பை மறுபடி பாருங்கள்.

எழுந்தபின் லாக்கை இப்படிப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' வரி, அதன் முடிவில் டீப் என்று இருக்க வேண்டும். ப்ராசஸ்கள் உறைந்த வரி. டிஸ்க்குகளின் கேஷ் சின்க், டிஸ்க் நிறுத்தம். எஸ்3க்குத் தயாராவதாக ஏசிபிஐ சொல்லும் வரி. கோர்கள் அணைதல். இதற்குப் பின்னால் வரும் முதல் வரிதான் எழுந்த கணம். லாக்கின் நேரமுத்திரை தூக்க நேரத்தை எண்ணாது என்பதால் இரண்டு வரிகளுக்கும் இடைவெளியே இல்லாதது போல் தெரியும். குழம்ப வேண்டாம். டைம்கீப்பிங் இத்தனை விநாடி நின்றிருந்தது என்ற வரியைத் தேடுங்கள், 60க்கு அருகில் இருக்கும். அது 2, 3 என்று இருந்தால் அலாரம் எழுப்பவில்லை, வேறு ஏதோ முந்திக்கொண்டது. /ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப் பட்டியலில் இயங்கும் நிலையில் உள்ள யுஎஸ்பி கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பிஎம்சி தன் மெய்நிகர் விசைப்பலகையையும் சிடி டிரைவையும் யுஎஸ்பி வழியாகத்தான் சர்வருக்குக் காட்டுகிறது. திறந்து கிடக்கும் ரிமோட் கன்சோல் ஜன்னலே தூக்கத்தைக் கலைத்துவிடலாம்.

அதன்பின் கோர்கள் எழும், கார்டுகள் எழும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி விநாடி என்று வரும். சுழலும் டிஸ்க்குகள் பல இருந்தால் அவை சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கலாம். மொத்தமாக ஒரே கணத்தில் சுழன்றால் பவர் சப்ளை தாங்காது. ஆகவே ரெஸ்யூம் 10, 20 விநாடி எடுத்தால் அது கோளாறு அல்ல. ஆனால் அந்த இடைவெளியில் எம்டி ரெய்டு ஒரு டிஸ்க்கை வெளியேற்றியிருக்கிறதா என்று எம்டிஸ்டாட்டில் பாருங்கள்.

கடைசியில் 'சஸ்பெண்ட் எக்ஸிட்'. உடனே இரண்டாவது படத்தை எடுத்து டிஃப் செய்யுங்கள். கிளாக்சோர்ஸ் பிராசசருக்குள் இருக்கும் வேகமான டிஎஸ்சியிலிருந்து, வெளியே இருக்கும் மெதுவான ஹெச்பெட்டுக்கு மாறியிருந்தால், இரண்டு சாக்கெட்டுகளின் கடிகாரங்களும் எழுந்தபின் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கெர்னல் முடிவு செய்திருக்கிறது. மெஷின் ஓடும். ஆனால் நேரம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும் மெதுவாகும், டேட்டாபேஸில் நன்றாகத் தெரியும். இது ஃபர்ம்வேர் சரிசெய்ய வேண்டியது.

பிஎம்சியையும் மறக்க வேண்டாம். சர்வர் தூங்கும்போது வேறு மெஷினிலிருந்து 'சேசிஸ் பவர் ஸ்டேட்டஸ்' கேளுங்கள். சில பிஎம்சிகள் ஆன் என்கும், சில ஆஃப் என்கும். ஆஃப் என்பதைப் பார்த்துக் கண்காணிப்பு மென்பொருள் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'சேசிஸ் பவர் ஆன்' கொடுத்தால் எழுகிறதா என்றும் சோதியுங்கள். அது பவர் பட்டனைத் தொட்டதற்குச் சமம். 'பவர் சைக்கிள்' கொடுத்துவிடாதீர்கள், ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும். எழுந்தபின் விசிறிகள் முழு வேகத்திலேயே நின்றுவிட்டால், பிஎம்சிக்குப் பிராசசர் வெப்பநிலை மறுபடி கிடைக்கவில்லையா என்று சென்சார் பட்டியலில் பாருங்கள்.

மின்செலவை அளக்க பிஎம்சி சொல்லும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். சுவர்ப் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் போதும். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டின் கம்பியிலும் அளந்து கூட்டுங்கள்.

எழவே இல்லை என்றால்

சீரியல் லாக்கின் கடைசி வரி ஒரு டிரைவரின் பெயரைச் சொன்னால் அதிர்ஷ்டம். எதுவுமே சொல்லாமல் தொங்கினால் பிஎம்_ட்ரேஸ் என்ற வழி இருக்கிறது. கெர்னல் தான் கடைசியாகத் தொட்ட கார்டின் அடையாளத்தைப் போர்டின் கடிகாரத்திலேயே, தேதி போல, எழுதி வைத்துவிடும். ரீசெட் செய்து பூட் ஆனதும் டிமெசேஜில் 'ஹாஷ் மேட்சஸ்' என்று தேடினால் கார்டின் பெயர் வரும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது அல்லவா? நிமிடப் பகுதியை 3 நிமிடப் படிகளாகத்தான் கெர்னல் எழுதுகிறது. அதற்குள் மறுபடி பூட் ஆகாவிட்டால் அடையாளம் கலைந்துவிடும். மேசைக் கணினிக்கு இது தாராளம். ரேம் நிறைய உள்ள சர்வர், பூட்டுக்கு முந்தைய சுயசோதனையான போஸ்ட் முடிக்கவே 3 நிமிடத்தைத் தாண்டும். பிஎம்_ட்ரேஸ் சர்வரில் அடிக்கடி ஏமாற்றுவதன் காரணம் இதுதான். ரேம் குச்சிகளைத் தற்காலிகமாகக் குறைத்து, பயாஸில் ஃபாஸ்ட் பூட், மெமரி ஃபாஸ்ட் ட்ரெயினிங் போன்றவற்றை இயக்கி, போஸ்ட் நேரத்தைச் சுருக்கிக்கொண்டு முயலுங்கள். முடிந்தபின் கடிகாரம் கன்னாபின்னாவென்று இருக்கும், என்டிபி மூலம் திருத்தி வன்பொருள் கடிகாரத்திலும் எழுதிவிடுங்கள்.

கெர்னலின் ஒரு வரிகூட வராமல், போஸ்ட் கோடு ஒரே எண்ணில் நின்றுவிட்டால், ஃபர்ம்வேர் தன் பங்கை முடிக்கவில்லை. அதற்குப் பயாஸ் அப்டேட்தான் வழி. தூங்கி எழுவதற்குப் பதில் நேராகப் புதிதாக பூட் ஆனால், ஸ்டாண்ட்பை மின்சாரம் ரேமைத் தாங்கவில்லையா என்று சந்தேகியுங்கள். குச்சிகளைப் பாதியாக்கி ஓட்டினால் தெரிந்துவிடும்.

நெட்வொர்க் வழியாக எழுப்புதல்

தினசரிப் பயன்பாட்டில் எழுப்பப்போவது பெரும்பாலும் வேக் ஆன் லேன்தான். ஈத்டூல் வெளியீட்டில் 'சப்போர்ட்ஸ் வேக்-ஆன்' வரியில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டும், 'வேக்-ஆன்' வரியிலும் ஜி என்று அமைக்க வேண்டும். ரீபூட்டில் இது போய்விடலாம், ஆகவே சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள். எழுப்புவதற்கு அனுப்பும் மேஜிக் பாக்கெட் 102 பைட்: 6 முறை எஃப்எஃப், அடுத்து மேக் முகவரி 16 முறை. அதைச் சர்வரின் ஐபிக்கு அனுப்பாமல் பிராட்காஸ்ட் முகவரிக்கு அனுப்புங்கள். ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்று கேட்கும் ஏஆர்பிக்குத் தூங்கும் சர்வர் பதில் சொல்லாது. ஸ்லாட்டில் செருகிய 10, 25 ஜிகாபிட் கார்டுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது, போர்டிலேயே உள்ள முதல் போர்ட்டை நம்புங்கள். தூங்கும்போது போர்ட் குறைந்த வேகத்துக்கு இறங்கும். ஸ்விட்ச் பக்கம் வேகத்தை நிலையாகப் பூட்டி வைத்திருந்தால் லிங்க் அறுந்து, பாக்கெட் போய்ச் சேராது.

நூறு முறை

ஒருமுறை எழுந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். உபுண்டு உலகிலிருந்து வந்த எஃப்டபிள்யுடிஎஸ் என்ற ஃபர்ம்வேர் சோதனைக் கருவியில் எஸ்3 சோதனையை '--எஸ்3-மல்ட்டிபிள்=100' என்று கொடுத்தால் நூறு சுற்று ஓட்டி, லாக்கில் வந்த பிழைகளை வகைபிரித்துத் தரும். இல்லாவிட்டால் ஒரு ஷெல் வளையம் போதும்: 45 விநாடி தூக்கம், எழுந்தபின் 60 விநாடி விழிப்பு, டிஃப், எம்டிஸ்டாட், சிஇ எண்ணிக்கை, வித்தியாசம் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஆதாரம் அழிந்துவிடும். விழித்திருக்கும் 60 விநாடியில் டிஸ்க்குக்குச் சுமை தரும் எஃப்ஐஓ, நெட்வொர்க்குக்குச் சுமை தரும் ஐபெர்ஃப்3 இரண்டையும் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும் கார்டு நன்றாகத் தூங்கி எழும், பாதி வேலையில் தூங்கிய கார்டுதான் சிக்கல் தரும். இன்டெலின் ஸ்லீப்கிராஃப் கருவி ஒவ்வொரு கார்டும் எடுத்த நேரத்தைப் படமாக வரைந்து தரும். சுற்று ஏற ஏற ரெஸ்யூம் நேரமும் ஏறிக்கொண்டே போனால் அதில் உடனே தெரியும்.

ஹைபர்னேட்டைப் பற்றிக் கொஞ்சம். ரேமைப் படமாக எடுத்து ஸ்வாப்பில் எழுதும் இந்த முறைக்கு எஸ்3 சுற்று வேண்டியதில்லை, ஆகவே எந்த போர்டிலும் முயலலாம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்து கெர்னல் லாக்டவுன் ஆகியிருந்தால் அனுமதிக்காது. /சிஸ்/பவர்/டிஸ்க் கோப்பில் 'டெஸ்ட்_ரெஸ்யூம்' என்று எழுதிவிட்டு, ஸ்டேட் கோப்பில் 'டிஸ்க்' என்று எழுதினால் மெஷினை அணைக்காமலே படத்தை எழுதி, திரும்ப ஏற்றிப் பார்க்கும். கோர்களை அணைக்கும் கட்டம் இதிலும் உண்டு, வெக்டர் பற்றாக்குறையும் அதேபோல் வரும். 512 ஜிபி ரேம் உள்ள சர்வரில் இதைவிட ஒழுங்காக ஷட்டவுன் செய்து, பிஎம்சி வழியாக மறுபடி ஆன் செய்வது விரைவாக முடியலாம். விஎம்வேரின் மின்சேமிப்பு வசதியான டிபிஎம், ஸ்டாண்ட்பை என்று சொல்வதும் சர்வரை அணைத்துவிட்டு ஐபிஎம்ஐ அல்லது வேக் ஆன் லேன் மூலம் எழுப்புவதைத்தான்.

சோதனையில் தேறாத சர்வரில் ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட், ஹைப்ரிட்-ஸ்லீப் ஆகிய நான்கு டார்கெட்டுகளையும் 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்' செய்துவிடுங்கள். டெஸ்க்டாப் சூழல் நிறுவிய சர்வரில் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அதுவாகவே தூங்கப்போவது அப்படித்தான் நிற்கும். தேறிய சர்வரில் பயாஸ், பிஎம்சி, கார்டு ஃபர்ம்வேர், கெர்னல் ஆகியவற்றின் பதிப்பு எண்களை முடிவோடு சேர்த்து எழுதி வையுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் ஏணியின் இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.